வலது சக்கரத்துக்காரர்

மழைக்குச் சொல்வது போலக் கலவரத்துக்கும் சொல்ல ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. காலையில் கைபேசியைத் திறந்தால் முதலில் வெயில், அப்புறம் கடல் அலை, அதற்குக் கீழே 'முன்னறி'. உங்கள் தெருவில் இந்த வாரம் மதக்கலவரம் வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அது சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள், வீடு வாடகைக்குப் பிடிக்கிறார்கள். சிவப்புத் தெருவிலிருந்து பெண் எடுக்க யோசிக்கிறவர்களைக்கூட எனக்குத் தெரியும்.

அந்தச் சனியனைப் பெற்றவள் நான்தான். என் பெயர் ஹெப்சிபா. அரசியல் அறிவியல் பேராசிரியை. கலவரமும் நிர்வாகமும் மதமும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன என்று பார்க்க இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராக அலைந்தேன். எந்த ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது, எங்கே நின்றது, யார் கல்லெடுத்தார்கள், தாசில்தார் எத்தனை மணிக்கு வந்தார், எல்லாம் படிவம் படிவமாக எழுதி வைத்தேன். அரசாங்கம் கேட்டது, கொடுத்தேன். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

கோரைப்பட்டினத்தில் தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது மர்ஜானா போன் செய்தாள்.

"மேடம், வாப்பாவப் புடிச்சுட்டுப் போயிட்டாக."

"யாரு? எதுக்கு?"

"போலீசு. முன்னறி சிவப்பு காட்டுதாம். தெருவுக்கு எம்பத்தொண்ணு. வாப்பா பேரு லிஸ்ட்டுல மொத ஆளா இருக்காம். தூண்டல் நபராம் மேடம். எங்க வாப்பா, வீட்டுக் கோழிய விரட்டக்கூட யோசிக்கிற ஆளு!"

அவளுடைய வாப்பா சேகு நெய்னா, தோணி கட்டும் ஆசாரி. வயது அறுபத்திரண்டு. கோரைப்பட்டினம் அம்மன் தேர் தர்கா முனையில் இறக்கத்தில் இறங்கித் திரும்ப வேண்டும். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் போடும் கட்டைதான். ஒரு காலத்தில் அந்த இறக்கத்தில் தேர் ஓடி ஆள் செத்திருக்கிறது. அதற்கப்புறம் நெய்னாவின் முப்பாட்டனைக் கூப்பிட்டுக் கட்டை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செய்தவனே போடட்டும் என்று ஊர் முடிவு செய்தது. அன்றிலிருந்து வலது சக்கரத்துக்குக் கட்டை போடுவது அந்தக் குடும்பம்தான். தேர் நின்றதும் அம்மன் கழுத்து மாலை ஒன்று இறங்கித் தர்காவுக்குப் போகும், தர்காவிலிருந்து சந்தனமும் சீனியும் தேருக்கு ஏறும். அது முடிந்தால்தான் வடத்தைத் தொடுவார்கள்.

சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஊர் எரிந்திருக்கிறது. கோரைப்பட்டினத்தில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. ஏன் என்று பார்க்கத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே மூன்று மாதம் தங்கினேன். நெய்னா காக்காதான் எனக்கு எல்லாம் சொன்னார். அந்தக் கரையில் காக்கா என்றால் அண்ணன். "உங்க பேரு எங்கேயும் வராது காக்கா" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தேன். சொன்னபடி படிவங்களில் இருந்த அத்தனை பெயரையும் உட்கார்ந்து கோடு போட்டு அடித்தேன். அரசாங்கத்துக்குக் கொடுத்ததில் அவர் 'கோரை வ 1', அதாவது கோரைப்பட்டினம் வலது சக்கரம். அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பெயரை முன்னறிக்குக் கொடுத்தது யார்? பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் இதையே பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். என் மாணவன் பொன்னிவளவன் ஞாபகத்துக்கு வந்தான். என் நோட்டுகளைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். இப்போது அந்த மாவட்டத்துக்கே முன்னறி அதிகாரி.

கலெக்டர் ஆபீஸ் முதல் மாடியில் அவனுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்கத் திரை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உட்காரு. மரியாதை எல்லாம் அப்புறம். நெய்னா பேரை நீதானே கொடுத்தே?"

"மேடம், சத்தியமா இல்ல."

"அப்ப யாரு? என் நோட்டைத் தொட்டவன் நீ ஒருத்தன்தான். சோறு போட்டுப் படிக்க வச்சேன்டா உன்னை!"

"பேரு எங்க கைக்கு வராது மேடம். சிஸ்டமே வெளியில தேடி எடுத்துக்கும். எங்கேருந்து எடுத்துச்சுன்னு பாக்க மேல எழுதிக் கேக்கணும்."

"எழுதிக் கேளு. சரி, எம்பத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு? ஒரு கல்லு விழாத ஊருக்கு எம்பத்தொண்ணா?"

அவன் திரையில் ஒரு படிவத்தைத் திறந்தான். என் படிவம்தான், ஏழாவது கேள்வியும் நானே போட்டதுதான். 'ஊர்வலம் மாற்று மத வழிபாட்டிடத்தின் முன் நின்றதா? ஆம், இல்லை.'

"நீங்க எழுதின எரநூத்திப் பன்னெண்டு கலவரத்துல நூத்தி அறுவது இப்படி நின்ன இடத்துலதான் ஆரம்பிச்சிருக்கு. மேளம் அடிக்கறது, கோஷம் போடறது, அப்புறம் கல்லு. அதனால ஏழுக்கு ஆம்னா சிஸ்டத்துக்குப் பெரிய ஆபத்து. கோரைப்பட்டினத்துல வருஷா வருஷம் ஆம். இந்த வருஷம் பக்கத்து ஊருல தகராறு வேற. ரெண்டும் சேந்து ஏத்திவிட்டுச்சு. தேரை நிறுத்தறது யாருன்னு பாத்து அவரையே தூண்டல் நபராப் போட்டுடுச்சு."

"அட மடையா, அவங்க சண்டைக்கு நிக்கல. மாலை போட நிக்கறாங்க!"

"சண்டைக்கா மரியாதைக்கான்னு படிவத்துல கேக்கலையே மேடம்."

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே! அதுல ரெண்டு பக்கம் எழுதியிருக்கேனே, இந்த நிறுத்தம்தான் ஊரைக் காப்பாத்துதுன்னு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குறிப்பு ஊருக்கு ஊரு ஒரு மாதிரி இருந்துச்சு. ஒப்பிட முடியலன்னு ஆரம்பத்துலயே தூக்கிட்டாங்க."

இருபத்திரண்டு வருஷம் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் குறிப்புக் கட்டத்தில்தான் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு ஆம், இல்லையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. ஏழாவது கேள்வியை இரண்டாகப் பிரிக்க எனக்கு என்ன கேடு? படிவம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று அன்றைக்கு நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

கலெக்டர் பிரதீபாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என் புத்தகத்தைப் படித்துத்தான் பரீட்சை எழுதினதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை.

"நெய்னாவை விடுங்க. தேர் வழக்கம் போல நிக்கட்டும். இது நான் செஞ்ச தப்பு, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"மேடம், எழுபதைத் தாண்டினா நாற்பத்தெட்டு மணி நேரத்துல நான் நடவடிக்கை எடுத்தாகணும். சட்டம் அப்படி. தர்கா முனையில நிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாச்சு. தேருக்குப் புதுசா பிரேக்கும் மாட்டிட்டாங்க, கம்பெனி ஆளே கூட வருவார்."

"அந்தச் சக்கரத்துக்கு பிரேக் தெரியாதும்மா, நெய்னாவைத்தான் தெரியும்."

"நான் கையெழுத்துப் போடாம விட்டு ஏதாவது நடந்தா?"

"ஒண்ணும் நடக்காது."

"நடக்கலைன்னா, நாங்க எடுத்த நடவடிக்கையால நடக்கலைன்னு ஆகும்."

"நடந்தா?"

"முன்னறி சரியாத்தான் சொல்லிச்சுன்னு ஆகும்."

"அப்ப இது தப்புன்னு தெரியறதுக்கு வழியே கிடையாதா?"

அவர் மேஜை மேல் இருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். கெட்ட மனுஷி இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கத்திவிட்டாவது வந்திருப்பேன். தேர் அமைதியாக நிலைக்கு வந்தால் மறுநாளே விட்டுவிடுவோம் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தேரடிக்குப் போனேன். வில்லாயுதம் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது, படகு வைத்திருக்கிறவன், இடது சக்கரத்துக்காரன். இருபது வருஷமாக அவனும் நெய்னாவும் ஜோடி. அவர்களுக்குள் ஒரு வழக்கம். நடுவில் தேர் மறைக்கும், ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. அதனால் இவன் "காக்கா!" என்று கத்துவான், அந்தப் பக்கத்திலிருந்து "போடு!" என்று வரும். வந்தால்தான் இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் விழும். ஒரு கட்டை மட்டும் விழுந்தால் தேர் அந்தப் பக்கம் சுற்றிவிடும்.

"வாங்க மேடம்! பன்னெண்டு வருசம் களிச்சு இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சா?"

"வில்லாயுதம், தேரை இழுக்காதீங்க. காக்கா இல்லாம வடத்தைத் தொட மாட்டோம்னு எல்லாரும் சொல்லுங்க."

"சொல்லாம இருப்பமா? காலையில அதைத்தேன் சொன்னோம். போலீசு சொல்லுது, தேர் ஓடாம நின்னா அதுக்குப் பேரு பதற்றமாம். காக்காவ இன்னும் தொண்ணூறு நாளு உள்ள வைப்பாகளாம், தர்கா ஆளுக பத்துப் பேரையும் சேத்துப் பிடிப்பாகளாம். நல்லபடியா நிலைக்கு வந்துட்டா மறுநாளே வெளிய. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

"வலது சக்கரத்துக்கு யாரு?"

"நாந்தேன். அதுதேன் சிக்கலான சக்கரம். இடதுக்கு ஊருல பழகின ஆளு வேற இல்ல, பிரேக் கம்பெனிக்காரரு ஒருத்தரு நிப்பாரு. கட்டை போடத் தெரியும்னு சொல்றாரு. பாப்பம்."

"உங்களுக்கு பயமா இல்லையா?"

"பயந்தேன். காக்காவுக்குச் சக்கரை வியாதி, உள்ள மாத்திரை குடுக்காகளோ என்னமோ. அந்தப் பயம் இதைவிடப் பெருசா இருக்கு." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அது கெடக்கட்டும். உங்க மேல எனக்கு ஒரு கோவம் இருக்கு. மூணு மாசம் என் வண்டியிலதேன் சுத்துனீக. நண்டுக் கொளம்பு தின்னது என் வீட்டுல. புத்தகத்துல காக்கா பேரை மட்டும் போட்டுட்டு என் பேரை விட்டுட்டீகளே! அவரு ஊரு பூராம் காட்டிப் பீத்திக்கிட்டுத் திரியுறாரு. என் வீட்டுக்காரி இன்னும் கேலி பண்ணுறா."

"அடுத்த பதிப்புல முதல் பேரே உங்க பேருதான்."

"பாப்பம், பாப்பம்."

அவன் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. ஏதோ ஒரு திருடன் என் நோட்டைத் திறந்து பெயரைத் திருடிவிட்டான் என்று அந்தத் திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன். கோபம் கண்ணை அப்படி மறைத்திருந்தது.

தேரன்று காலை பத்தரை மணிக்கு வடம் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் போலீஸ். தர்கா முனையில் கடைகளை அடைக்கச் சொல்லி, ஜனங்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் மர்ஜானா சீனித் தட்டோடு நின்றாள். உத்தரவு இருக்கிறது, கொடுக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். கொண்டுவந்திருந்தாள்.

வழக்கமாக முனைக்கு முன்னாலேயே தேர் நின்று, மாலை இறங்கி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் இறக்கத்தில் அங்குலம் அங்குலமாக இறங்கும். அன்றைக்கு நிற்கக் கூடாதே! வந்த வேகத்திலேயே இறக்கத்தில் கால் வைத்தது. பிரேக் ஒரு தடவை கிரீச்சிட்டது, அவ்வளவுதான். வடத்தை இழுத்தவர்கள் இழுக்கிறதை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள்.

வில்லாயுதம் வலது சக்கரத்தோடு குனிந்து ஓடிக்கொண்டிருந்தான். கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபது வருஷப் பழக்கத்தில் கத்தினான்.

"காக்கா!"

இடது சக்கரத்தில் நின்ற கம்பெனிக்காரருக்கு அது தன்னைத்தான் என்று தெரியவில்லை. தெரிய எப்படி வழி? அவர் பதிலும் சொல்லவில்லை, கட்டையும் போடவில்லை. வில்லாயுதம் இன்னொரு தடவை "காக்கா!" என்றான். தேருக்கு முன்னால் வடத்தில் சிக்கி நாற்பது, ஐம்பது பேர் கிடந்தார்கள். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. போட்டுவிட்டான். தேர் நின்றது. நிற்பதற்கு முன்னால் வலது பக்கம் சுற்றியது, அவன் மேல்.

முதலில் கயிற்றைத் தாண்டியது தர்கா பக்கத்து ஆட்கள்தான். போலீஸ் லத்தியை ஓங்கியது. யாரோ ஒரு கிழவர் "அடிங்கடா, அடிச்சுட்டு வந்து தூக்குங்கடா" என்று கத்தினார். தோணிப் பட்டறையிலிருந்து ஜாக்கியும் பலகையும் கொண்டுவந்து, இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் சேர்ந்து சக்கரத்தைத் தூக்கினார்கள். மர்ஜானாவின் சீனித் தட்டு யார் காலிலோ மிதிபட்டுக் கிடந்தது. வில்லாயுதம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

மறுநாள் காலை முன்னறியில் கோரைப்பட்டினம் பச்சைக்கு வந்துவிட்டது. அறிக்கையும் வந்தது. பொன்னிவளவன் என்னிடம் நீட்டினான். 'எதிர்பார்த்த மோதல்: 1. நிகழ்ந்த மோதல்: 0. மோதலால் உயிரிழப்பு: 0. முன்னெச்சரிக்கைக் கைது, நிறுத்தத் தடை ஆகிய நடவடிக்கைகள் முழு வெற்றி. பிற மாவட்டங்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.'

"வில்லாயுதம் எங்கேடா இதுல?"

"அது விபத்து மேடம். விபத்துக்குக் கட்டம் இல்ல."

"ஏன் இல்ல?"

"உங்க படிவத்துல இல்ல."

அந்தக் காகிதத்தைக் கசக்கி அவன் முகத்தில் எறிந்தேன். அவன் நகரவே இல்லை. அவனும் அழுதிருந்தான் என்று அப்போதுதான் பார்த்தேன். மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தான்.

"பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கல்ல. பதில் வந்துடுச்சு. குடுக்க வேணாம்னு இருந்தேன்."

ஒரே வரிதான். 'கோரை வ 1 = சேகு நெய்னா. ஆதாரம்: அச்சு நூல், நன்றியுரை.'

படிவத்தில் ஆயிரம் பெயரை அடித்தவள், புத்தகம் அச்சுக்குப் போன கடைசி நாளில், அன்பு பொங்கி, முன்பக்கத்தில் ஒரு பெயரைப் போட்டிருக்கிறேன். ஊரோடு, தொழிலோடு, சக்கரத்தோடு. எந்தத் திருடனும் வரவில்லை. நான்தான் எழுதியிருக்கிறேன், அதுவும் நன்றி என்று. அவனை எத்தனை பேச்சுப் பேசிவிட்டேன்! மன்னிச்சுக்கோ என்று நான் சொல்வதற்குள் அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

மத்தியானம் நெய்னாவை விட்டார்கள். நேரே வில்லாயுதம் வீட்டுக்குப் போய் அவன் பெண்டாட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே காத்திருந்தேன். மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"நான் போட்டிருந்தா அவன் இருந்திருப்பான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க படிச்சவக. யாரு என் பேரைக் குடுத்தது? ஆளைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஏன் குடுத்தேன்னு ஒரு வார்த்தை கேக்கணும், அவ்வளவுதான்."

அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் என் புத்தகம் இருந்தது. பாலிதீன் உறை போட்டு வைத்திருந்தார்கள். மர்ஜானாவை எடுக்கச் சொன்னேன். நன்றியுரை எத்தனையோ தடவை திறந்த பக்கம், தானாகவே திறந்துகொண்டது. என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை, இருந்தாலும் படித்தேன். "கோரைப்பட்டினம் தேரின் வலது சக்கரத்துக்குக் கட்டை போடும் சேகு நெய்னா அவர்களுக்கு. அவர் சொல்லாவிட்டால் இந்த நூல் இல்லை."

"நான்தான் காக்கா. இங்கேருந்துதான் எடுத்திருக்காங்க."

மர்ஜானா சுவரோடு சாய்ந்துகொண்டாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மேலேயிருந்து கீழே வரை வரி வரியாக நகர்த்தினார். அடுத்த பக்கத்தைத் திருப்பி அதிலும் தேடினார். தன் பெயருக்குக் கீழே அவர் இதுவரை படித்ததே இல்லை போலிருந்தது. அப்புறம் கேட்டார்.

"இதுல வில்லாயுதம் பேரு எங்க இருக்கு?"

"இல்லை காக்கா" என்றேன்.